ஹார்டு டிஸ்க் ஓயாமல் ஓடுகிறதா? எதையும் நிறுத்துவதற்கு முன் இதைப் படியுங்கள்

எதையும் திறக்கவில்லை, திரையில் வெறும் டெஸ்க்டாப்தான் இருக்கிறது, ஆனாலும் கேபினெட் முன்னால் இருக்கும் அந்தச் சின்ன விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, உள்ளே கரகரவென்று சத்தம், ஒரு ஃபோல்டரை க்ளிக் செய்தால் அது திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. விண்டோஸ் 10 அல்லது 11 போட்டு, ஹார்டு டிஸ்க்கிலிருந்தே இயங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இது ரொம்பச் சாதாரணமாக வரும் தொல்லை. தீர்வு தேடினால் முதலில் கிடைப்பது "இந்த ஐந்து சர்வீஸை ஆஃப் பண்ணுங்க" என்கிற வகை வீடியோக்கள்தான் (சர்வீஸ் என்பது விண்டோஸில் பின்னணியில் ஓடும் புரோகிராம்). தயவுசெய்து அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது என்றால், ஒன்று, ஏதோ ஒரு புரோகிராம் அதை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், கேட்டதை எடுத்துக் கொடுக்க முடியாமல் டிஸ்க்கே திணறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதலாவது வெறும் எரிச்சல், இரண்டாவது உங்கள் வீட்டு போட்டோக்கள் எல்லாம் போய்விடக்கூடிய ஆபத்து. அதனால் எது என்று தெரிந்துகொள்ளாமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

முதலில் அந்த 100 சதவீதம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறைய பேர் பயப்படுவதே அதைப் பார்த்துத்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற தலைப்புக்கு மேல் 100% என்று இருக்கும், ஆனால் கீழே ஒவ்வொரு புரோகிராமும் படிக்கும் அளவைக் கூட்டினால் நொடிக்கு ஒரு எம்பி கூட வராது. ஒரு எம்பிக்கே 100 சதவீதமா, டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தச் சதவீதம், டிஸ்க் எவ்வளவு டேட்டாவை நகர்த்தியது என்பதைச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் கையில் வேலையோடு இருந்தது என்பதைச் சொல்கிறது.

இதன் கணக்கு எளிதானது. லேப்டாப்பில் வரும் வழக்கமான ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய டேட்டா, படிக்கும் முனைக்குக் கீழே சுற்றி வந்து சேர சராசரியாகப் பாதிச் சுற்று ஆகும், அது ஐந்தரை மில்லி செகண்ட். அதற்கு முன்னால் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்ட். ஆக, எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஒரு சின்னத் துண்டை எடுக்கவே 15 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடுகிறது, நொடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் மொத்தமே 300 கேபி பக்கம்தான். அதே டிஸ்க்கில் ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பி வரை சர்வசாதாரணமாக வரும். மளிகைக் கடையில் ஒரே ஆள் நின்று, ஒருவருக்கு ஒரு மூட்டை அரிசி தூக்கிக் கொடுப்பதற்கும், அறுபது பேருக்கு ஆளுக்கொரு தீப்பெட்டி, சீரகப் பொட்டலம், சோப்பு என்று கடை முழுக்க ஓடி எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டாவதில் கடைக்காரர் நொடி கூட நிற்கவில்லை, ஆனால் கல்லாவில் விழுந்தது கொஞ்சம்தான்.

அதனால் 100 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போய் டிஸ்க் 0 என்பதை க்ளிக் செய்யுங்கள். அங்கே எச்டிடியா (சுற்றும் ஹார்டு டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுற்றும் பாகமே இல்லாத சிப் வகை) என்றும் போட்டிருக்கும், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று, அதாவது கேட்டதைக் கொடுக்க டிஸ்க் எடுக்கும் சராசரி நேரம் என்று, ஒரு எண்ணும் இருக்கும். எனக்கு அந்த எண்தான் முக்கியம். ஹார்டு டிஸ்க்கில் வேலை அதிகமாக இருக்கும்போது அது சில பத்து மில்லி செகண்டுகள் இருக்கும், வரிசை நீண்டால் நூறு இருநூறு கூடப் போகும், அதெல்லாம் சரி. ஆயிரம், மூவாயிரம் என்று ஏறி, அதே நேரத்தில் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அது வேறு கதை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது யார் வேலை வாங்குகிறார்கள் என்று பார்ப்போம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற தலைப்பை ஒருமுறை க்ளிக் செய்தால் அதிகம் படிப்பவர் மேலே வந்துவிடுவார். ஆனால் அங்கே பல நேரம் வெறும் 'சிஸ்டம்' என்றோ 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்றோதான் தெரியும், அதிலிருந்து ஒன்றும் புரியாது. அப்போது ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் என்ற டேபுக்குப் போங்கள். விண்டோஸோடு இலவசமாகவே வரும் இந்தக் கருவியைப் பலர் ஒருமுறை கூடத் திறந்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று முழு முகவரியோடு வரி வரியாக அங்கே ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற பகுதியை விரித்து டோட்டல் என்ற தலைப்பை க்ளிக் செய்துவிட்டு, ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். உங்கள் போட்டோ ஃபோல்டரின் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போகிறதா? ஆன்ட்டிவைரஸோ, தேடலுக்காக அட்டவணை போடும் சர்ச் இன்டெக்ஸரோ, ஒன்டிரைவோ அதைப் படித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்களா? அப்டேட் நடந்துகொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பெயர், பேஜ்ஃபைல் டாட் சிஸ் என்பது மட்டும் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் பிரச்சினை டிஸ்க்கிலேயே இல்லை, ரேமில், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன். அதே வரிசையில் ஐஓ ப்ரையாரிட்டி என்று ஒரு பத்தி இருக்கும், அதில் பேக்கிரவுண்ட் என்று இருந்தால், அந்த வேலை உங்களுக்கு வழிவிட்டுத்தான் ஓடுகிறது என்று அர்த்தம்.

அப்டேட், ஆன்ட்டிவைரஸ், இன்டெக்ஸர், இந்த மூன்றும் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் வழக்கமான காரணங்கள், மூன்றுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டரை ஆன் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளை அதிகாலை 2 மணிக்கு வைத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும். அதனால் பாக்கி வேலையெல்லாம் மறுநாள் நீங்கள் ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஆரம்பிக்கிறது. திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் சத்தம் நின்றுவிடுகிறது என்று சிலர் சந்தேகத்தோடு சொல்வார்கள், ஏதோ வைரஸ் ஒளிந்துகொள்கிறது என்று. ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்து பராமரிப்பு வேலை ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் திறக்காத லேப்டாப்பை எடுத்து உடனே வேலை செய்ய உட்கார்ந்தால் இது இன்னும் மோசமாக இருக்கும், அத்தனை நாள் அப்டேட்டும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். பிளக்கில் போட்டு, ஸ்லீப் போகாமல் அமைத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் அமைதியாகிவிட்டால் சரி, அப்புறம் எந்த சர்வீஸையும் நிறுத்தத் தேவையே இல்லை.

இதில் ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைந்து புதிதாகத் தொடங்குவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, சிஸ்டத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்துப் போடுகிறது. அதனால் "தினமும் ஆஃப் பண்ணித்தானே ஆன் பண்றேன்" என்பவரின் டாஸ்க் மேனேஜரில், சிபியு பக்கத்தில் அப்டைம் என்ற இடத்தில் பத்துப் பதினைந்து நாள் காட்டும். ஏதாவது ஒரு டிரைவர் சிக்கிக்கொண்டிருந்தால் அதுவும் அப்படியே நாள் கணக்கில் கூட வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். முதல் வேலையாக ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

பேஜ்ஃபைல் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச ரேமே 4 ஜிபி. விண்டோஸ் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மீதி இருக்கும் இடத்தில், க்ரோமில் ஒரு பத்து டேப், கூடவே வாட்ஸ்அப், ஒரு வேர்டு ஃபைல் என்றால் ரேம் நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ், இப்போதைக்குத் தேவைப்படாது என்று தான் நினைக்கும் பகுதிகளை 4 கேபி துண்டுகளாக டிஸ்க்கில் இருக்கும் அந்தப் பேஜ்ஃபைலுக்கு எழுதிவிட்டு இடத்தைக் காலி செய்கிறது. நீங்கள் பழைய டேபுக்குத் திரும்பினால் அந்தத் துண்டுகளைத் திரும்ப எடுத்து வர வேண்டும், அதற்கு இடம் வேண்டுமே, அதனால் வேறு எதையோ வெளியே எழுத வேண்டும். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கும், ஹார்டு டிஸ்க்குக்குச் சுத்தமாக ஒத்துவராத வேலை இந்தச் சின்னத் துண்டு வேலைதான். ரேமிலிருந்து எடுப்பதைவிட லட்சம் மடங்குக்கு மேல் மெதுவான இடத்தை ரேம் மாதிரி பயன்படுத்தினால் கம்ப்யூட்டர் நின்றுபோனதுபோலத்தான் இருக்கும். உறுதி செய்துகொள்ள, ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி டேபில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள், ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டி வந்த தடவைகள் அது. புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது கொஞ்சம் எகிறி அடங்கினால் இயல்பு. எதுவும் திறக்காமலேயே நொடிக்கு நூற்றுக்கணக்கில் தொடர்ந்து ஓடினால் ரேம் போதவில்லை.

இதற்கு உடனடி நிவாரணம், டேபுகளைக் குறைப்பது, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் தானாகத் தொடங்கும் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்வது. பிரின்டர் உதவியாளர், கேம் லாஞ்சர், வீடியோ மீட்டிங் ஆப், லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்த ஏதேதோ அப்டேட்டர், இதெல்லாம் காலையில் எழுந்ததும் வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நிரந்தரத் தீர்வு ரேமைக் கூட்டுவதுதான், 8 ஜிபி ஆனாலே வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் உங்கள் போர்டு ஏற்கும் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா, லேப்டாப் என்றால் ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேஜ்ஃபைலையே நிறுத்திவிட்டால் டிஸ்க் சத்தம் நின்றுவிடுமே என்று ஒரு யோசனை சொல்வார்கள். வேண்டாம். இடம் தீர்ந்ததும் புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளும், சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும்.

சரி, சிஸ்மெய்ன். வீடியோக்களில் எல்லாரும் நிறுத்தச் சொல்வது இதைத்தான், பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச், விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது இதன் வேலை, அதனால் ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் டிஸ்க்கைப் படிக்கும். உண்மையில் ஹார்டு டிஸ்க் உள்ளவர்களுக்குத்தான் இதனால் பலன் அதிகம். ரேம் குறைவாக உள்ள சில கம்ப்யூட்டர்களில் மட்டும் இதுவே பாரமாகிவிடுவது உண்டு. ரிசோர்ஸ் மானிட்டரில் இதுதான் மணிக்கணக்கில் முதலிடத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால், சர்வீசஸ் பட்டியலில் போய்த் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள், பலன் இல்லையென்றால் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரையும் விண்டோஸ் அப்டேட்டையும் மட்டும் வேகத்துக்காக நிறுத்தாதீர்கள், அது வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கிற வேலை. இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேர் சோதிப்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, டிஸ்க்குக்கு வேலைதான் இரட்டிப்பாகிறது.

இப்போது கவலைப்பட வேண்டிய பக்கம். டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது டேட்டா எழுதும் ஒரு சின்னக் கட்டம், பழுதாகிவிட்டால், அது உடனே "முடியவில்லை" என்று சொல்லிவிடுவதில்லை. வீட்டு உபயோக டிஸ்க்குகள் அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், பல நொடிகள் கூட. அந்த நேரம் முழுக்க டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம், வேகம் பூஜ்ஜியம், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கில். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் எல்லாம் உறைந்து நிற்கிறது, ஒரே சீராக டக், டக் என்று சத்தம் வருகிறது, காப்பி செய்யும்போது எப்போதும் ஒரே ஃபைலில் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். சோதனை எல்லாம் அப்புறம். டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk) ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ஓட்டு என்று யாராவது சொன்னாலும் பேக்கப் எடுக்கும் முன் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படிக்கும், சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

பேக்கப் முடிந்த பிறகு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் டிஸ்க்கின் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஏடு. அதில் வரிசை எண் 05, சி5, சி6 இந்த மூன்றையும் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், சி5 என்பது சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள், சி6 என்பது படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்ஜியம் என்றால் நிம்மதி. சி5 பூஜ்ஜியத்தில் இல்லை என்றால், அதிலும் வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்றால், டிஸ்க்கை மாற்றும் வேளை வந்துவிட்டது. அந்த புரோகிராம் இந்த எண்கள் இருக்கும் ரா வேல்யூ பத்தியை வழக்கமாக ஹெக்ஸ் எண்ணாக, அதாவது பதினாறின் அடிப்படையில் காட்டும், அதனால் 10 என்று தெரிந்தால் அது நம் கணக்கில் 16. அதேபோல சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 வரிசைகளில் பெரிய பெரிய எண்கள் இருக்கும், அது அந்தக் கம்பெனி எண்ணைப் பதியும் முறை, அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். சி7 மட்டும் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். டெஸ்க்டாப்பில் கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுவதோ புதுக் கேபிள் போடுவதோ போதும், புது டிஸ்க் வாங்கும் செலவு மிச்சம். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவில், டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணோடு பதிவுகள் குவிந்திருந்தால், டிஸ்க்கோ கேபிளோ திணறுகிறது என்பதற்கு அதுவும் சாட்சி.

ஸ்மார்ட் சுத்தம், கேபிள் சரி, ரிசோர்ஸ் மானிட்டரிலும் யாரும் படிக்கவில்லை, ஆனாலும் முனை ஓடும் சத்தம் கேட்கிறது என்றால், அது டிஸ்க் தன்னுடைய வேலையைத் தானே பார்ப்பது. குறிப்பாக எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள், அதாவது தடங்களை ஓடு வேய்ந்தது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதுபவை, ஒரு தடத்தை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும். அதனால் புதிதாக எழுதுவதை முதலில் ஒரு தனி இடத்தில் போட்டு வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது சரியான இடத்துக்கு மாற்றுகின்றன. லேப்டாப்புக்கான 1 டிபி, 2 டிபி டிஸ்க்குகளில் பல இந்த வகைதான். பெரிய காப்பி வேலை ஒன்றை முடித்த பிறகும் அரைமணி நேரம் சத்தம் வந்தால் இதுதான், ஆஃப் செய்யாமல் விட்டால் முடித்துக்கொள்ளும்.

வைரஸ் என்று சந்தேகம் வந்தால், டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரை ரைட் க்ளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுத்துப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஓடுவது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இல்லாமல் டவுன்லோட்ஸிலோ டெம்ப்பிலோ இருந்தால் அது போலி. உங்கள் ஃபைல்களின் பெயர்கள் கண்ணெதிரே மாறுகின்றன, கடைசியில் புதிதாக ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன என்றால், அது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். யோசிக்காமல் நெட்டைத் துண்டித்து, செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். எழுதாமல் மிச்சமிருப்பதாவது தப்பும்.

எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் பழுது இல்லை, ரேமும் 8 ஜிபி இருக்கிறது, ஆனாலும் தினமும் இதே இழுபறி என்றால், விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் நான் சொல்லும் ஒரே வழி. சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, நொடிக்குப் பல்லாயிரம் சின்னத் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். அறுபது எழுபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே அது உட்காரும். ஏற்கெனவே எஸ்எஸ்டி போட்டும் 100 சதவீதம் காட்டுகிறதா, அப்போது முதலில் காலி இடத்தைப் பாருங்கள், விளிம்பு வரை நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும்போது மிகவும் மெதுவாகிவிடும். கால்வாசியாவது காலியாக இருக்கட்டும். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு போட்டோக்களின் இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். 05-லோ சி5-லோ எண் ஏறியிருந்தால், உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டபின் அதை எதற்கும் நம்ப வேண்டாம்.